தன் கையால் எழுப்பிய ஒலி



"தன் கையே தனக்குதவி" என்பது நம் வீடுகளில் பாட்டிமார் நாள்தோறும் சொல்லிவந்த பழமொழி. கிணற்றில் நீர் சேந்துவதற்கும் அடுப்பில் உலை ஏற்றுவதற்கும் சொல்லப்பட்ட இம்மொழி, பாட்டுக்கும் கவிதைக்கும் பத்திரிகைக்கும் பொருந்துமா? கலை என்றால் அதற்குப் புரவலன் ஒருவன் வேண்டும் என்பதே நெடுங்காலமாக நம் எண்ணம். மன்னன் இருந்தான், புலவன் பாடினான். ஜமீன்தார் இருந்தார், வித்துவான் கச்சேரி செய்தார். பிற்காலத்தில் சபாக்களும் சர்க்காரும் பெரிய நிறுவனங்களும் அவ்விடத்தை ஏற்றுக்கொண்டன. புரவலன் வராவிட்டால் என்ன செய்வது? வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதா?

இவ்வினாவுக்குக் கொல்கத்தா நகரத்து வாலிபர்கள் தந்த விடை ஒன்று உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமலே, லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்த வாலிபர்கள் தந்த விடையும் ஒன்று உண்டு. இவ்விரண்டையும் பற்றிப் பேசுவதே இன்று நம் நோக்கம். பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இவ்விடைகளில் ஒரு பாடம் இருக்கிறது என்று கருதுகிறோம்.

முதலில், இவ்விஷயம் நம் காதுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம். லேக் மார்க்கெட்டுக்கு அருகே நம் குடும்ப நண்பர் ஒருவர் வசிக்கிறார். அவருடைய மகன் கல்லூரி மாணவன். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வளர்ந்த பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவன் நம்மைத் தன் அறைக்கு அழைத்துச்சென்று, அமெரிக்க இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டான். செம்மங்குடியின் குரலைக் கேட்டு வளர்ந்த நம் செவிகளுக்கு அது இசையாகவே படவில்லை. பாடகர் பாடவில்லை, கத்தினார். கிட்டார்களும் முரசுகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. பாட்டு தொடங்கிற்று என்று நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்தும்விட்டது. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கலாம், அவ்வளவுதான்.

நம் முகம் போன போக்கைப் பார்த்து அவன் சிரித்தான். "பாட்டுப் பிடிக்காவிட்டால் போகட்டும், மாமா. இந்தத் தட்டு எப்படி உண்டாயிற்று என்பதையாவது கேளுங்கள்" என்றான். கேட்டோம். கேட்ட பிறகு அந்தச் சத்தத்தின்மீது நமக்கு ஒரு மரியாதை பிறந்தது. அன்று முதல் இது பற்றிப் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இங்கே சொல்லுகிறோம்.

ஆங்கிலேயர் இந்த இசையைப் 'பங்க்' என்று அழைத்தனர். 1976-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனிலும் நியூயார்க்கிலும் இது எழுந்தது. அக்காலத்தில் மேனாட்டு ராக் இசை பெருஞ்செல்வர்களின் தொழிலாக மாறியிருந்தது. விலையுயர்ந்த கருவிகள், பிரம்மாண்டமான அரங்குகள், இசைத்தட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் ஆகியவை இல்லாதவன் இசையில் காலெடுத்து வைக்க இயலாது என்ற நிலை. வேலையற்ற வாலிபர்களும் பள்ளி மாணவர்களும் இந்நிலையை ஏற்க மறுத்தனர். மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்றனர்.

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில், லண்டனில் மார்க் பெரி என்னும் வங்கிக் குமாஸ்தா ஒருவர் தம் கையாலேயே ஒரு பத்திரிகை தயாரித்தார். தட்டச்சு இயந்திரத்தில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதி, நகலெடுத்து, மூலையில் கம்பி தைத்து விற்றார். 'ஸ்னிஃபின் குளூ' என்பது அதன் பெயர். அச்சுக்கூடம் இல்லை, விளம்பரதாரர் இல்லை, ஆசிரியர் குழு இல்லை. வங்கியிலும் ரயில்வேயிலும் ஆயுள் காப்பீட்டிலும் குமாஸ்தாக்களாகப் பணிபுரியும் நம்மவர் எத்தனையோ பேர்! அந்த ஆங்கிலேயக் குமாஸ்தாவை நம் இனத்தவராகவே நாம் கொண்டாடலாம்.

1977 ஜனவரியில் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' என்னும் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். உற்றாரிடமும் நண்பர்களிடமும் ஏறக்குறைய 500 பவுன் கடன் வாங்கி, 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அடித்தவை 1,000 தட்டுகள். அவை விற்றுத் தீர்ந்து, மேலும் பல ஆயிரம் விற்றன. அத்தட்டின் உறையில் அவர்கள் ஒரு காரியம் செய்தனர். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை வெளிப்படையாக அச்சிட்டனர். வித்தையை மூடி மறைக்காமல், "இதில் மாயம் ஒன்றுமில்லை, இவ்வளவுதான் வேலை" என்று வாங்குபவனுக்குக் காட்டினர். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த அலை அமெரிக்காவை அடைந்தபோது இன்னும் வேகம் பெற்று, 'ஹார்ட்கோர்' என்று பெயர் பூண்டது. கலிபோர்னியாவின் கடற்கரை ஊரொன்றில் கிரெக் கின் என்பவர் இருந்தார். இவர் சிறு வயதிலேயே வானொலிக் கருவிகளைச் செப்பனிட்டுத் தபால்மூலம் விற்றுவந்தவர். அந்தச் சிறு வியாபாரத்தின் பெயரைச் சுருக்கி, 'எஸ்.எஸ்.டி.' என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனமாக்கி, தம் 'பிளாக் ஃபிளாக்' குழுவின் தட்டை வெளியிட்டார். வானொலியில் பேசும் நமக்கு இச்செய்தி ஒரு சிறு பெருமிதத்தைத் தருகிறது. குழுவின் சின்னத்தையும் துண்டுப் பிரசுரங்களையும் வரைந்தவர் அவருடைய உடன்பிறந்தாரே.

தலைநகராகிய வாஷிங்டனில் நடந்தது இதனினும் சுவையானது. இயன் மக்காய், ஜெஃப் நெல்சன் முதலிய பள்ளி மாணவர்கள் 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவை நடத்தினர். கச்சேரிகளில் கிடைத்த சில்லறையைத் தமக்குள் பங்கிடாமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்தனர். ஏறக்குறைய 600 டாலர் சேர்ந்தபோது குழுவே கலைந்துவிட்டது. பணத்தைப் பிரித்துக்கொள்ளாமல், தாம் பாடியவற்றை ஓர் இசைத்தட்டாக வெளியிடத் தீர்மானித்தனர். 1980-ஆம் ஆண்டின் இறுதியில் 'டிஸ்கார்ட்' என்ற பெயரில் அத்தட்டு வெளிவந்தது. உறை அடித்துக்கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே, வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் அளவை வரைந்துகொண்டு, அட்டையை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினர். பிறகு வந்த தட்டுகளுக்கும் இவ்வாறே ஆயிரக்கணக்கான உறைகளை நண்பர்கள் கூடி உட்கார்ந்து மடித்தனர். தீபாவளிக்கு முன் நம் வீட்டுப் பெண்கள் கூடி முறுக்குச் சுற்றுவதைப் போன்ற காட்சிதான் அது.

மற்றொரு செய்தியும் உண்டு. மது விற்கும் விடுதிகளிலேயே கச்சேரிகள் நடந்தமையால் வயது நிரம்பாத பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். இம்மாணவர்கள் தங்கள் புறங்கையில் மையால் பெருக்கல் குறியிட்டுக்கொண்டு, "இக்குறி உள்ளவர்க்கு மது தரவேண்டாம், பாட்டு மட்டும் கேட்கவிடுங்கள்" என்று விடுதிக்காரரிடம் வேண்டினர். சான் பிரான்சிஸ்கோவில் கண்ட வழக்கத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். விலக்கி வைப்பதற்காக இடப்பட்ட அக்குறியே, நாளடைவில் மதுவைத் தொடாதவர்கள் பெருமையுடன் அணியும் அடையாளமாயிற்று. அந்த டிஸ்கார்ட் நிறுவனம் எழுத்து ஒப்பந்தம் இல்லாமலே பல குழுக்களின் தட்டுகளை வெளியிட்டு, வரவைப் பகிர்ந்துகொண்டு, 40 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்றிருக்கிறது.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள். நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நண்பரின் மகனிடம் நாமும் அவ்வாறே கேட்டோம். அவன், "மாமா, நீங்கள் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு வாரந்தோறும் போகிறீர்களே, அங்கே கண்ணை மூடிக்கொண்டா நடக்கிறீர்கள்?" என்றான். அவன் கேட்டது சரி. வாஷிங்டன் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே கொல்கத்தா இந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

காலேஜ் ஸ்ட்ரீட் சந்திப்பில் பாதிராம் கடை என்ற பத்திரிகைக் கடை உண்டு. வண்ண அட்டைப் பத்திரிகைகளைத் தேடி அங்கே யாரும் போவதில்லை. 200, 300 பிரதிகள் மட்டுமே அச்சான மெல்லிய ஏடுகளே அங்கே சரஞ்சரமாகத் தொங்கும். வங்காளிகள் இவற்றை 'லிட்டில் மேகசின்' என்கின்றனர். தமிழில் நாம் சிற்றிதழ் என்கிறோம். 1914-இல் பிரமத சௌதுரி நடத்திய 'சபுஜ் பத்ர', 1923-இல் தோன்றிய 'கல்லோல்', 1935-இல் புத்ததேவ போஸ் தொடங்கிய 'கவிதா', 1953-இல் சுனில் கங்கோபாத்யாயவும் நண்பர்களும் தொடங்கிய 'கிருத்திபாஸ்' என்று அதற்கு ஒரு வம்சாவளியே உண்டு. கவிஞனே ஆசிரியன், அவனே பிழை திருத்துபவன், அவனே மூட்டையைத் தோளில் சுமந்து விற்பவன்.

இவர்களுள் மிகத் துணிந்தவர்கள், பசித்த தலைமுறை என்று தம்மை அழைத்துக்கொண்ட கவிஞர்கள். 1961 நவம்பரில் மலய் ராய் சௌதுரி, அவருடைய தமையனார் சமீர், சக்தி சட்டோபாத்யாய, தேபி ராய் ஆகியோர் இதைத் தொடங்கினர். முதல் அறிக்கை பாட்னாவில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அங்கே வங்க எழுத்து அச்சிடும் வசதி கிட்டவில்லை. புத்தகமாகப் போடப் பணம் இல்லை. ஆகவே ஒற்றைத் தாளில் அச்சிட்டுக் காபி ஹவுஸிலும் கல்லூரிகளிலும் இலவசமாக வழங்கினர். அதிகாரிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் காகித முகமூடிகளை அனுப்பி, முகமூடியைக் கழற்றும்படி கேட்டுக்கொண்டனர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1964 செப்டம்பரில் ஆபாசக் குற்றமும் சதிக் குற்றமும் சாட்டப்பட்டுக் கைதாயினர். மலய் ராய் சௌதுரி தம் வங்கி உத்தியோகத்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். வழக்கின்போது நண்பர்களுள் சிலர் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லினர். 1965 டிசம்பரில் ஒரு கவிதைக்காக அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1967-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அக்கவிதைகள் எல்லோருக்கும் உவப்பானவை அல்ல. குழந்தைகளுடன் அமர்ந்து படிக்கத்தக்கவையும் அல்ல. ஆயினும், ஒற்றைத் தாள் ஒரு நகரத்தையே உலுக்க முடியும் என்பதை அவை காட்டின.

கவிதையில் நடந்தது இசைக்கும் வந்து சேர்ந்தது. 1970-களில் வங்கத்தில் ரவீந்திர சங்கீதம் உண்டு, திரைப்பாட்டு உண்டு, 'ஆதுனிக்' எனப்படும் மெல்லிசை உண்டு. பார்க் ஸ்ட்ரீட் விடுதிகளில் ஆங்கிலப் பாட்டும் உண்டு. தெருவில் நடக்கும் வாலிபன் தன் மொழியில் தன் நகரத்தைப் பற்றிப் பாடும் பாட்டு மட்டும் இல்லை. கௌதம் சட்டோபாத்யாய என்பவர் பார்க் ஸ்ட்ரீட்டில் ஆங்கிலோ இந்தியக் குழுவினருடன் கிட்டார் வாசித்தவர். நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். விடுதலையான பின் வங்கத்தைவிட்டு வெளியேறி, சில காலம் மத்தியப் பிரதேசத்தில் பிழைப்பு நடத்தியவர். வெளிமாநில வாழ்வின் தனிமை அவருக்குத் தெரியும். திரும்பி வந்து, 1975 வாக்கில், தெற்குக் கொல்கத்தாவின் நாக்தலாப் பகுதியிலுள்ள தம் வீட்டில், தம்பியரையும் நண்பர்களையும் கூட்டி எழுவர் கொண்ட குழுவை அமைத்தார்.

எழுவர் ஆகையால் முதலில் 'சப்தரிஷி' என்று பெயர். பின்னர் 'மொஹினேர் கோராகுலி', அதாவது மொஹீனின் குதிரைகள், என்று ஆயிற்று. ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. பாவுல் பாடகர்களின் நாட்டுப் பாட்டையும் மேனாட்டு ஜாஸ், ராக் இசையையும் கலந்து, கிட்டாரும் வயலினும் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் கொண்டு பாடினர். 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயரே, கலக்கமுற்ற பறவைகளையும் கொல்கத்தாவையும் பற்றியது என்று பொருள்படும்.

ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. இது வங்கப் பாட்டே அன்று என்றனர் சிலர். வெறும் கூச்சல் என்றனர் வேறு சிலர். வாஷிங்டன் தட்டைக் கேட்டு நாம் சுளித்த அதே முகச்சுளிப்புத்தான்! 1981-இல் குழு கலைந்தது. ஒருவர் பெங்களூர் சென்றார். ஒருவர் வயலின் ஆசிரியரானார். கௌதம் சினிமாப் படம் எடுக்கப் போனார். கதை இத்துடன் முடிந்துவிட்டதென்றே எவரும் நினைத்திருப்பர்.

ஆனால் அந்தப் பாட்டுகள் சாகவில்லை. கல்லூரி விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் மாணவர்கள் அவற்றை வாய்மொழியாகப் பாடிக்கொண்டிருந்தனர். 1995-இல், கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில், 'ஆபார் பொச்சோர் குரி பொரே', மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ற பொருளில், ஓர் ஒலிநாடா வெளிவந்தது. கௌதம் நினைத்திருந்தால் பழைய பாட்டுகளையே மறுபடி பாடி விற்றிருக்கலாம். அவரோ, பெயர் தெரியாத இளைஞர்களின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்துப் பாடவைத்தார். அட்டையில் 'மொஹினேர் கோராகுலி தொகுத்தது' என்று போட்டார். பாடகர் ஆசிரியரானார், ஒலிநாடா சிற்றிதழாயிற்று. அதே முறையில் அடுத்தடுத்தும் தொகுப்புகள் வந்தன. அவற்றுக்குப் பிறகு வங்கத்தில் இளைஞர் குழுக்கள் பல்கிப் பெருகின. 1999-இல் கௌதம் மறைந்தார். அம்முதல் ஒலிநாடாவிலிருந்த அவருடைய பாட்டொன்றின் மெட்டு, 2006-இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தின் வாயிலாக இந்தியா முழுவதும் ஒலித்தது.

இப்போது, மான்செஸ்டர் குழுவினர் உறையில் அச்சிட்ட செய்தியை நினைவுபடுத்திக்கொள்வோம். அவர்கள் செய்ததும் கௌதம் செய்ததும் ஒன்றே. தாம் செய்தார்கள், செய்ததோடு நில்லாமல், செய்யும் வழியைப் பிறருக்குத் திறந்துவிட்டார்கள். 'தன் கையே தனக்குதவி' என்ற நம் பழமொழி பாதிதான் சொல்லுகிறது. தன் கையால் செய்தவன், அடுத்தவனுடைய கைக்கும் வழி காட்ட வேண்டும் என்பது மறுபாதி. முதற்பாதி மட்டும் இருந்தால் அது சுயநலமாகக்கூட முடியலாம். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஓர் இயக்கமாகிறது.

இதற்கு மூன்றாவதாக ஒரு கடமையும் உண்டு, செய்ததைக் காப்பாற்றுவது. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு அருகே தமர் லேன் என்ற சந்தில் சந்தீப் தத்தா என்னும் பள்ளி ஆசிரியர் வாழ்ந்தார். 1972-இல் பெரிய நூலகம் ஒன்றில் சிற்றிதழ்கள் கேட்பாரற்றுக் குப்பையாகக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்தார். மனு எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை. தாமே சேகரிக்கத் தொடங்கி, 1978 ஜூனில் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே சிற்றிதழ்களுக்கென ஒரு நூலகமும் ஆராய்ச்சி மையமும் திறந்தார். பள்ளி முடிந்து வந்து, மாலையில் நூலகத்தைத் திறப்பார். 2023-இல் காலமாகும்வரை ஏறக்குறைய 45 ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். பெரிய நிறுவனங்கள் குப்பை என்று கருதியதை ஒரு பள்ளி ஆசிரியர் சரித்திரமாக்கினார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கையால் செய்தது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. சிற்றிதழ்களில் பிழைகள் மலிந்த ஏடுகள் உண்டு. தமக்குள் சண்டையிட்டு இரண்டாம் இதழோடு நின்றவை எண்ணில. ஹார்ட்கோர் கச்சேரிகளிலும் கைகலப்பும் காயமும் நேர்ந்ததுண்டு. பெண்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்க நேர்ந்ததும் உண்டு. ஆயினும், நூறு முயற்சிகளில் தொண்ணூறு பாழானாலும், எஞ்சிய பத்தும் வேறு வழியில் பிறந்திருக்கவே முடியாதவை. அதுவே அவற்றின் நியாயம்.

தமிழர்களாகிய நமக்கு இந்நெறி புதியதன்று. ஊர்தோறும் வாலிபர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய காலம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பிரதி, கைமாறிக் கைமாறி ஊர் முழுவதும் சுற்றும். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். எண்பது வயதைக் கடந்த பிறகும், 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை 1997-இல் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பின், 2001-இல், அதற்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்றியது அந்தச் சிறிய 'எழுத்து'ப் பத்திரிகையின் பக்கங்களில்தான்.

இனி நம்முடைய தவறு ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மத்திய அரசாங்கக் காரியாலயத்தில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். பிறர் சொன்னதைப் பிறருக்குச் சொல்லியே காலம் போகிறது. ஆகவே, நம் சொந்த வார்த்தைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கூடிப் பேசி, கொல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு சிறு பத்திரிகை நடத்தத் தீர்மானித்தோம். முதல் இதழுக்கு ஒரு பெரியவரைக் கட்டுரை கேட்டோம். 1950-களில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் சென்னை மெயிலில் ஹௌரா வந்து இறங்கியவர் அவர். அக்காலத்தில் நம்மவர் தங்கிய மெஸ் விடுதிகள், முதல் வங்காளி நண்பர், சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர் என்று அவர் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. "எழுதக் கை நடுங்குகிறது, தம்பி. நான் சொல்லுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

நாமோ, பத்திரிகையை நல்ல காகிதத்தில், வண்ண அட்டையோடு, ஆயிரம் பிரதிகள் போடவேண்டும் என்று ஆசைப்பட்டோம். அதற்கு மானியம் கேட்டு ஓரிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினோம். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினோம். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பெரியவர் நம்மைக் காணும்போதெல்லாம், "எப்போது வரப்போகிறீர்கள்?" என்று கேட்பார். "பத்திரிகைக்கு ஏற்பாடு ஆகட்டும் ஐயா" என்போம். ஒரு மார்கழிக் காலையில் அவர் காலமானார் என்ற செய்தி வந்தது. அவர் சொல்லவிருந்தவற்றில் ஒரு வரிகூட நம்மிடம் காகிதத்தில் இல்லை. அதற்கு விண்ணப்பத்தையோ அதைப் பெற்றவர்களையோ குறை கூறுவதற்கில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் நம் கையில் இருந்தன. அவற்றைப் போதும் என்று நாம் கருதவில்லை. அதுவே குற்றம்.

அதன் பிறகுதான் நண்பர் மகன் அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினான். அடுத்த மாதம் பன்னிரண்டு குடும்பத்தார் கூடினோம். எட்டுப் பக்கம், கையெழுத்து, ஜெராக்ஸ், 40 பிரதிகள். மொத்தச் செலவு ஒரு குடும்பம் ஒருவேளை ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்கு மேல் இல்லை. தாள்களை வரிசைப்படுத்தி, மடித்து, தைத்தவர்கள் பிள்ளைகளே. அவர்களுள் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் தலைகீழாகத் தைத்துவிட்டாள் ஒரு சிறுமி. பக்க எண்ணைத் தமிழில் எழுதவேண்டும் என்று அவளே பின்னர் எழுத்துகளைக் கற்றுக்கொள்ள வந்தாள். மூன்றாம் இதழில் அவள் பாட்டியின் புளியோதரையைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தாள். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு உரிய வழக்கப்படி திருத்தக் கை போயிற்று, திருத்தாமலே விட்டோம்.

நேயர்களே! நீங்கள் மும்பையில் இருக்கலாம், தில்லியில் இருக்கலாம், ஜாம்ஷெட்பூரிலோ நாகபுரியிலோ இருக்கலாம். உங்கள் காலனியிலும் கதை சொல்லக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். கிட்டாரோ மிருதங்கமோ வைத்துக்கொண்டு தன் மொழியில் என்ன பாடுவது என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளை ஒருவன் இருப்பான். கட்டிடம் வரட்டும், நிதி வரட்டும், சென்னையிலிருந்து யாராவது வரட்டும் என்று நீங்களும் காத்திருக்கலாம். கொல்கத்தாவின் எழுவர் காத்திருக்கவில்லை. வாஷிங்டனின் பள்ளிப் பிள்ளைகளும் காத்திருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு வீட்டு அறையும் பெட்டியில் சேர்ந்த சில்லறையும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லட்டும், அவர்கள் எழுதட்டும்.